எமிலுக்குப் பிடித்து வைத்த இடம்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். கதை என்று மட்டும் சொல்லாதீர்கள். தேதி, நேரம், நிமிடம் எல்லாம் என் நோட்டில் இருக்கிறது. செப்டம்பர் மாதம், இரண்டாவது செவ்வாய்க்கிழமை, மாலை 4:12 முதல் 5:57 வரை. ராத்திரிகூட இல்லை. வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. பேய்க்கு இருட்டு வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தவன்தான் நானும்.

என் பெயர் வெண்டல். ஃப்ளோரிடாவில், ஒர்லாண்டோவுக்குப் பக்கத்தில் இருக்கிறேன். இங்கே தடுக்கி விழுந்தால் தீம் பார்க். என் தொழிலைச் சொன்னால் சிரிப்பீர்கள். எந்த நாளில் எந்தப் பார்க்கில் கூட்டம் குறைவு, எதில் ஏற எத்தனை நிமிடம் நிற்க வேண்டும் என்று குறித்து வைத்து, கேட்பவர்களுக்குச் சொல்வது. பதினெட்டு வருடமாக இதே வேலை. கால் மணிக்கு ஒரு தடவை, காத்திருக்கும் நேரம் போட்டிருக்கும் ஒவ்வொரு பலகையையும் பார்த்து எழுதிக்கொள்வேன். என் மனைவி உயிரோடு இருந்தவரை, "கல்யாணத்தன்னிக்கு மோதிரம் மாத்த எத்தன நிமிஷம் ஆச்சுன்னு குறிச்ச ஆளு இது" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். உண்மைதான். குறித்தேன். எனக்கு அதில் ஒரு கர்வம். நான் சொன்ன நாளில் போனவர்கள் யாரும் கால் கடுக்க நின்றதில்லை.

அந்தக் கர்வம்தான் ஒரு பிள்ளையை ஏமாற்றியது.

மே மாதம் லூசியானாவிலிருந்து கொரீன் என்ற பெண் எழுதினார். மகன் எமிலுக்கு ஒன்பது வயது. ரத்தப் புற்றுநோய். இப்போது கொஞ்சம் தேறியிருக்கிறான், டாக்டர் வெளியூர் போகலாம் என்கிறார். அவனுக்கு ஆந்தை ரயிலில் ஏற வேண்டும் என்று இரண்டு வருடமாக ஆசை. ஜூன் 14 வரலாம் என்று இருக்கிறோம், உங்கள் யோசனை என்ன என்று கேட்டிருந்தார்.

ஆந்தை ரயில் சின்னப் பிள்ளைகள்கூடப் போகும் மலைரயில், அதாவது ரோலர் கோஸ்டர். பார்க்கின் பெயரைச் சொல்லமாட்டேன், அங்கே இருப்பவர்களுக்குப் பிழைப்பு போய்விடும். நான் என்ன எழுதினேன் தெரியுமா? 'ஜூனில் வராதீர்கள். பள்ளிக்கூட விடுமுறை, எள் விழ இடமில்லாத கூட்டம். உங்கள் பிள்ளையால் நிற்க முடியாது. செப்டம்பர் இரண்டாவது செவ்வாய் வாருங்கள். ஐந்தே நிமிடத்தில் ஏறிவிடலாம்.'

கொரீன் நம்பினார். டிக்கெட்டை மாற்றினார். எமில் ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி போய்விட்டான்.

இதை எனக்கு அவர் இரண்டே வரியில் தெரிவித்தார். மூன்றாவது வரியில், 'டிக்கெட் இருக்கிறது. நான் மட்டும் வருகிறேன்' என்று இருந்தது. திட்டியிருந்தால் தேவலை. நான் அன்றைக்கு வேலையே பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை வாசலிலேயே போய் நின்றேன். கொரீனுக்கு முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். ஒல்லி. தோளில் ஒரு பை. இரவெல்லாம் வண்டி ஓட்டி வந்த கண்கள்.

"வெண்டல் சார்தானே? நீங்க சொன்ன மாதிரியே ஆளே இல்ல."

எனக்கு எங்கேயாவது போய் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. நேராக ஆந்தை ரயிலுக்கே போகலாம் என்றார். போனோம்.

பலகையில் ஐந்து நிமிடம் என்று இருந்தது. அதுவும் பொய். பலகையில் எப்போதும் கூட்டித்தான் போடுவார்கள். நிஜம் தெரிய அவர்களே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். வரிசையின் வாலில் வந்து சேருபவர் கையில் ஒரு சிவப்பு அட்டையைக் கொடுப்பார்கள். ரயில் ஏறும் இடத்தில் அதைக் கொடுக்க வேண்டும். எந்த நேரம் வாங்கினார், எந்த நேரம் கொடுத்தார் என்று கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். பிள்ளைகளுக்கு அந்த அட்டையைத் தூக்கிக்கொண்டு போவதில் அவ்வளவு சந்தோஷம்.

வாசலில் ஒடாலிஸ் இருந்தாள். பத்து வருடப் பழக்கம், வாய் கொஞ்சம் நீளம்.

"வாய்யா நிமிஷக்காரா. இன்னிக்கு எழுத ஒண்ணுமில்ல. நானும் ரயிலும் மட்டுந்தான்."

கூட்டம் இல்லாத நாளில் வரிசைக் கொட்டகையில் வளைந்து வளைந்து போகும் கம்பித் தடுப்புகளுக்குள் யாரையும் விடமாட்டார்கள். நேராக ஒரு குறுக்கு வழி. வந்த ஒன்றிரண்டு பேரும் அதில்தான் போய்க்கொண்டிருந்தார்கள். கொரீன் அந்தக் கொட்டகையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் முழு வரிசையில போகலாமா?"

"யாருமே இல்லியேம்மா. எதுக்கு சுத்திக்கிட்டு?"

"பரவால்ல. அவன் வந்திருந்தா எப்படிப் போவானோ, அப்படி."

ஒடாலிஸ் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அவள் மறுபேச்சுப் பேசாமல் சங்கிலியைக் கழற்றி வழிவிட்டு, சிவப்பு அட்டை ஒன்றைக் கொரீன் கையில் கொடுத்தாள். மணி 4:12.

மெதுவாகச் சுற்றிப் போனாலும் நான்கு நிமிடம். ஒரு சுற்று ரயில், மூன்று நிமிடம். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன்.

4:25. வரவில்லை. உள்ளே நின்று அழுகிறார் போலிருக்கிறது, அழட்டும் என்று விட்டுவிட்டேன்.

4:40. ஒடாலிஸ் கையிலிருந்த கருவியைத் தட்டிப் பார்த்தாள். "அட்டை இன்னும் வரிசையிலதான் இருக்கு. இருபத்தெட்டு நிமிஷம்."

5:05. ஐம்பத்து மூன்று நிமிடம்.

"போய்ப் பாருய்யா. எனக்கு என்னமோ மாதிரி இருக்கு."

"அழுற பொம்பளைய எப்படிப் போய்க் கூப்பிடறது?"

"ஆறு மணிக்கு மூடணும். அத மறந்துடாத."

5:20-க்கு எழுந்து உள்ளே போனேன். குறுக்கு வழியில் போகாமல், கொரீன் போன வழியிலேயே போனேன். தலைக்கு மேலே காற்றாடிகள் சுற்றிக்கொண்டிருந்தன. க்ரீச்... க்ரீச்... முதல் வளைவில் ஒன்றுமில்லை. இரண்டாவது வளைவில் வியர்த்தது. காற்றாடிக்கு நேர் கீழே நின்றும் வியர்த்தது. ஜூன், ஜூலையில் ஆயிரம் பேர் மூச்சு விடும் கொட்டகையில் ஒரு புழுக்கம் இருக்குமே, அந்தப் புழுக்கம்.

சன்ஸ்க்ரீன் வாசனை வந்தது. பொரித்த மாவின் சர்க்கரை வாசனை வந்தது. அன்று மாவு பொரிக்கும் கடையே திறக்கவில்லை.

மூன்றாவது வளைவில் ஒன்றைக் கவனித்தேன். நான் பக்கவாட்டில் திரும்பி நடந்துகொண்டிருந்தேன். தோளை ஒடுக்கிக்கொண்டு... வயிற்றை எக்கிக்கொண்டு... "கொஞ்சம் வழி விடுங்க, மன்னிச்சுக்குங்க" என்று சொல்லிக்கொண்டு.

யாரிடம்?

என் முன்னால் வெறும் கம்பிதான் இருந்தது.

கொரீன் ஐந்தாவது வளைவில் நின்றிருந்தார். பக்கத்துச் சங்கிலி ஒன்று கழன்று தொங்கியது. அவர் ஓரமாக ஒதுங்கி, ஒரு கையைக் கம்பியில் நீட்டி வைத்திருந்தார். பக்கத்தில் ஒரு ஆள் அளவுக்கு இடம். இன்னொரு கையால் பின்னால் இருப்பவர்களைப் போகச் சொல்லிச் சைகை காட்டிக்கொண்டிருந்தார்.

"நீங்க போங்க... நீங்க போங்க... வந்துடுவான்."



"கொரீன்..."

திரும்பினார். அந்த முகத்தை எப்படிச் சொல்வது? வாசலில் பார்த்த பெண்ணே இல்லை. சிரித்தார்.

"ரெண்டு நிமிஷம் சார். பாத்ரூம் போயிருக்கான். இடத்தப் பிடிச்சு வைம்மான்னான்."

"யாரும்மா?"

"எமில்தான்."

ஒரு நொடி. சத்தியமாக ஒரே ஒரு நொடி, அவர் சொல்வதை நம்பினேன். என் முதுகில் யாரோ மூச்சு விடும் சூடு பட்டுக்கொண்டிருந்தது.

பயந்துவிட்டேன். பயந்தவன் வாயில் என்ன வரும்? கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். 5:25.

"மூடற நேரம் ஆச்சும்மா. இங்க யாரும் இல்ல. வாங்க."

சொன்ன உடனே...

புழுக்கம் போய்விட்டது.

வாசனை போய்விட்டது.

க்ரீச்... க்ரீச்...

சில்லென்று காற்று. காலியான கொட்டகை. ஒரு பெண் கம்பியில் கை நீட்டி நிற்கிறார்.

கொரீன் அந்தக் கையைப் பார்த்தார். மெதுவாக எடுத்துக்கொண்டார்.

"ஆமா" என்றார். "யாரும் இல்ல."

நான் அவர் தோளைப் பிடித்து, கழன்ற சங்கிலி வழியாகவே வெளியே கூட்டி வந்தேன். ஒடாலிஸ் அட்டையைக் கேட்டாள். கொரீன் பையைத் துழாவவும் இல்லை.

"அவன்கிட்ட..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். "தொலைச்சுட்டேன் போலிருக்கு. மன்னிச்சுக்கம்மா."

வண்டி வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். 5:38-க்குக் கிளம்பிப் போனார்.

இரண்டு நாள் கழித்து ஒடாலிஸ் போன் செய்தாள். கேலியெல்லாம் போன குரல்.

"வந்து ஒண்ணப் பாரு. தனியா வா."

கேமராப் பதிவைப் போட்டுக் காட்டினாள். 4:14, கொரீன் முதல் வளைவில். காலி வரிசையில் ஒரு எட்டு வைக்கிறார். நிற்கிறார். இன்னொரு எட்டு. நிற்கிறார். முன்னால் ஆள் நகர்ந்தால் நாம் நகர்வோமே, அப்படி. நான்கு நிமிட வழியை ஒரு மணி நேரம் அப்படியே நடக்கிறார். குனிந்து இடுப்பு உயரத்துக்குப் பேசுகிறார். பையிலிருந்து பிஸ்கட் எடுத்து நீட்டுகிறார். விழுந்து விழுந்து சிரிக்கிறார். 4:52-க்குக் கம்பியில் சாய்ந்து, மார்பில் ஏதோ பாரம் சாய்ந்த மாதிரி கையை அணைத்துக்கொண்டு பாட்டுப் பாடுகிறார், வாய் அசைவது தெரிகிறது. 5:11-க்குச் சங்கிலியைக் கழற்றுகிறார். யாருக்கோ சட்டைக் காலரைச் சரிசெய்கிறார். கழிப்பறை இருக்கும் பக்கம் கை காட்டுகிறார்.

அப்புறம் நான் வருகிறேன். தோளை ஒடுக்கிக்கொண்டு, யாருமில்லாத இடத்தில் முண்டியடித்துக்கொண்டு. கூட்டிப் போகிறேன். கொட்டகை காலி. சங்கிலி தொங்குகிறது.

"இதோட முடிஞ்சுதுன்னுதான் நானும் நெனச்சேன்" என்றாள் ஒடாலிஸ். "பாரு."

5:41.

சங்கிலி ஆடியது.

மேலே எழுந்தது. மெதுவாக, தடவித் தடவி, கொக்கியில் மாட்டிக்கொண்டது. உள்ளே வந்த பிள்ளை, பின்னால் மறக்காமல் மாட்டிவிட்ட மாதிரி.

அதன் பிறகு படத்தில் ஒன்றும் அசையவில்லை.

"கடைசி ரயில் போனப்புறம் ஏறுற இடத்துல வேல பாக்கற பையன் அங்கயே அட்டையக் கண்டெடுத்தான்" என்றாள். "கம்ப்யூட்டர்ல பதிஞ்சிருக்கு. 5:57. நூத்தஞ்சு நிமிஷம். அந்த நேரத்துல வரிசையில ஈ காக்கா இல்ல."

ஒடாலிஸ் சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள். என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"பதினாறு நிமிஷம் விட்டிருந்தா என்னய்யா கெட்டுப் போயிருக்கும்?"

வீட்டுக்கு வந்து பழைய நோட்டை எடுத்தேன். ஜூன் 14. ஆந்தை ரயில். மாலை 4:15. என் கையெழுத்திலேயே இருந்தது: 105.

அன்று இரவு நான் அழுததை யாரும் பார்க்கவில்லை. மேஜையில் தலையை வைத்து, நோட்டு நனைய நனைய அழுதேன். ஜூனில் வந்திருந்தால் அம்மாவும் பிள்ளையும் நூற்றைந்து நிமிடம் சேர்ந்து நின்றிருப்பார்கள். கால் வலிக்கிறது என்பான், தூக்கிக்கொள்வார், பிஸ்கட் கொடுப்பார், பாடுவார். அதை நான் மிச்சப்படுத்திக் கொடுத்தேன். மறுபடி ஒரு தடவை யாரோ அவர்களுக்கு அந்த நேரத்தைக் கொடுத்தார்கள். அதையும் போய் நான்தான் முடித்து வைத்தேன்.

கொரீனிடம் சொல்ல வேண்டும் என்று எத்தனையோ தடவை போனை எடுத்தேன். அக்டோபர் கடைசியில் அவரே கூப்பிட்டார்.

"நல்லா இருக்கீங்களா சார்? நான் பரவால்ல. ஒரு டாக்டர்கிட்ட போறேன். மாத்திரை குடுத்திருக்காங்க. தூக்கம் வருது."

"சந்தோஷம்மா."

"அன்னிக்கு அவன் நிஜமாவே வந்த மாதிரி இருந்துச்சு. எல்லாம் மனசு பண்ற வேலைன்னு டாக்டர் சொன்னாங்க. இப்பதான் புரியுது." "நீங்க மட்டும் 'யாரும் இல்ல, வாங்க'ன்னு சொல்லலேன்னா, நான் இன்னும் அங்கயே நின்னுட்டு இருந்திருப்பேன். அதுக்கு நன்றி சொல்லத்தான் கூப்பிட்டேன்."

போன் என் காதில் இருந்தது. நான் என்ன சொல்வேன்? அவன் வந்தாம்மா, பதினாறு நிமிடத்தில் திரும்பி வந்தான், நீங்கள் பிடித்து வைத்த இடத்துக்கே வந்தான், நீங்கள் இல்லை என்றா?

"உடம்பப் பாத்துக்குங்கம்மா" என்றேன்.