சந்தனப் பொட்டு வைத்த விமானம்

போன வருஷம், 1961 மழைக்காலம் முடியப்போகிற சமயம். அப்பாவின் ஆபீஸ் தோல்பையின் கைப்பிடி அறுந்துவிட்டதால் பம்பாய் மாட்டுங்காவிலிருந்து நடந்தே தாராவியில் ஒரு தோல் பட்டறைக்குப் போனேன். பட்டறைக்காரர் தையல் போடுகிற நேரத்தில் சும்மா அண்ணாந்து பார்த்தேன். உத்தரத்திலிருந்து ஒரு மர விமானம் தொங்கிக்கொண்டிருந்தது. நான் இரண்டு கைகளையும் விரித்தால் எவ்வளவோ, அவ்வளவு நீள இறக்கை. காற்றில் அது மெல்லத் திரும்பியபோது வாலின் பின்னால் ஒரு சின்னப் பலகை மட்டும் தனியாக ஆடியது.

அந்த ஆட்டம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. அலங்காரப் பொம்மைக்கு அசைகிற வால் எதற்கு? கம்பியில் கட்டிச் சுற்றவிடும் ரகம் என்றால் இறக்கை நுனியில் கம்பி நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அதுவும் இல்லை. அப்படியானால் பறக்கும்போது இந்த வாலைத் திருப்புவது யார்?

"என்ன தம்பி, மேல பல்லி கில்லி இருக்கா?" என்றார் பட்டறைக்காரர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், முப்பது வயதிருக்கும்.

"பாய், இதைக் கொஞ்சம் இறக்கிக் காட்டுங்களேன்."

வயிற்றுப் பகுதியின் மூடியைத் திறந்தேன். சுண்டுவிரல் அளவுக்கு ஒரு ரேடியோ வால்வு. பின்னால், வாலை அசைக்க, நான்கு கைகள் கொண்ட பித்தளைச் சக்கரம். அதைச் சுழற்ற இருந்த ரப்பர் இற்றுப் போயிருந்தது. ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தின் பழைய தோல் பெட்டிகளை மொத்தமாக வாங்கியபோது சேர்ந்து வந்ததாம்.

"கூட ஒரு தகரப் பெட்டியும் கிடந்துச்சு," என்று சொல்லி, அதன் மேலிருந்த கெட்டிலை நகர்த்தினார். பெட்டியின் பக்கத்தில் ஒரு பித்தான். சந்தேகமே இல்லை, விமானத்துக்கு உத்தரவு அனுப்புகிற கருவி.

"அப்ப நான் இத்தனை நாளா ரேடியோ மேலயா சாயா வச்சேன்!" என்று சிரித்தவரின் முகம் உடனே மாறியது. வடாலாவில் ஒரு போட்டோ ஸ்டுடியோக்காரர், குழந்தைகளை நிறுத்திப் படம் பிடிக்க விமானத்தைக் கேட்டிருந்தாராம். தசராவுக்கு மறுநாள் எடுத்துப்போக வருவார். கனம் குறைய, உள்ளே இருக்கிற கம்பி, வால்வு எல்லாவற்றையும் பிடுங்கிவிட வேண்டுமாம்.

"பறக்க வச்சுட்டா?"

"பறந்துட்டா பொறவு எதுக்கு ஸ்டுடியோவுக்கு? நாமளே வச்சுக்கிடுவோம்."

தசராவுக்கு மூன்று வாரம்கூட இல்லை. நூலகத்தில் பழைய ஆங்கிலப் பத்திரிகைகளைப் புரட்டி, இறக்கைச் சட்டங்களை எண்ணி, வாலின் வளைவை ஒப்பிட்டு, அதே வரைபடத்தைக் கண்டுபிடித்தேன். பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தையது! பித்தானை ஒருமுறை அமுக்கினால் வால் வலப்பக்கம் திரும்பும், விட்டால் நேராகும். மறுபடி அமுக்கினால் இடப்பக்கம். அவ்வளவுதான் அதற்குத் தெரிந்த பாஷை.

செம்பூரில் இருந்த என் கல்லூரி நண்பனிடம் அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் இருந்தது. கருவிகளை அவன் சரிசெய்தான். கிழிந்த இறக்கைக்குப் பட்டக் காகிதம் ஒட்டினேன். பாய் தோலுக்குப் பூசுகிற லாக்கர் வார்னிஷை அதன்மேல் பூச, காகிதம் தம்பட்டம் மாதிரி விறைத்துக்கொண்டது. எஞ்சினுக்கு வேண்டிய விளக்கெண்ணெயும் மண்ணெண்ணெயும் எங்கள் சமையலறையிலேயே இருந்தன. ஈதர் மட்டும் நண்பன் வாங்கி வந்தான். "விளக்கெண்ணெய் யாருக்குடா, உனக்கா விமானத்துக்கா?" என்றாள் அம்மா.

சரஸ்வதி பூஜைக்கு முதல் நாள் எல்லாவற்றையும் சோதித்தோம். சொன்ன பேச்சுக் கேட்டது வால். மறுநாள் புத்தகங்களோடு விமானத்தையும் பூஜையில் வைத்தேன். வைத்தால் விஜயதசமி வரை தொடக்கூடாது. வெளியே மட்டும் பொட்டு வைத்தால் போதாதென்று, மூடியைத் திறந்து வால்வுக்கு ஒன்று, எஞ்சினுக்கு ஒன்று, ரிலே என்கிற அந்தக் குட்டி மின்காந்தத்துக்கு ஒன்று என்று நானே தாராளமாகச் சந்தனம் வைத்தேன்.

விஜயதசமி காலை, மான்குர்த் தாண்டி உப்பளத் திடல்.

"ஒரு தடவை டெஸ்ட் பண்ணிட்டு விடுடா," என்றான் நண்பன்.

"முந்தாநாள் பாத்தாச்சே. பாய், விடுங்க!"

கைலியை மடித்துக் கட்டியிருந்த பாய் நாலடி ஓடி விமானத்தை விட்டார். ஒரு குலுங்கல்கூட இல்லாமல் அது ஏறியது. இருபதடி, பனை உயரம், அதற்கும் மேல். பட்டக் காகிதத்துக்குள் வெயில் புகுந்து இறக்கையின் எலும்புகள் தெரிந்தன. வாயைத் திறந்தபடி நின்றேன். பிறகுதான் பித்தான் ஞாபகம் வந்தது. அமுக்கினேன். திரும்பவில்லை. மறுபடியும் அமுக்கினேன்.

"தம்பி, திருப்புங்க! தண்ணிப் பக்கம் போவுது!"

"அமுக்குடா!"

"அமுக்கிண்டுதான்டா இருக்கேன்!"

கழிமுகத்தை நோக்கி அது நேராகப் போய்க்கொண்டே இருந்தது. காக்கை அளவாகிவிட்டது. என் கட்டைவிரல் வலித்தது. பாய் தண்ணீரை நோக்கி ஓட ஆரம்பித்தார். எத்தனையாவது அமுக்கலோ தெரியாது, தூரத்தில் ஒரு இறக்கை சாய்ந்தது. நான் விரலை எடுக்கவில்லை. மெதுவாக, மிக மெதுவாக வட்டமடித்து, அது எங்களைப் பார்த்து வந்தது.

பாய் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். "கயிறும் இல்ல, ஒண்ணும் இல்ல... யா அல்லா," என்று மட்டும் சொன்னார். எண்ணெய் தீர்ந்து எஞ்சின் நின்றதும் காற்றின் ஓசை மட்டும் தலைக்குமேல் கடந்தது. இன்னும் இரண்டு அமுக்கல். வரப்போரம் சேற்றில் வந்து அமர்ந்தது.

மூடியைத் திறந்து பார்த்தோம். ரிலேயின் மயிரிழை இடுக்கில், மின்சாரத்தை மறித்திருந்த காய்ந்த சந்தனத்தின் தூள். எஞ்சின் அதிர்ந்து, ரிலேயும் விடாமல் தட்டித் தட்டித்தான் அது உதிர்ந்திருக்க வேண்டும். என் காது சூடாகிவிட்டது. சந்தனத்தின்மேல் தப்பில்லை. ஒரே ஒருமுறை அமுக்கிப் பார்க்கக்கூடப் பொறுமையில்லாத என்மேல்தான்.

"பொட்டு மூக்குல வைங்க தம்பி, மூளைக்குள்ள வைக்காதிய," என்றார் பாய், கைலியில் சேற்றைத் துடைத்துக்கொண்டே.

மறுநாள் ஸ்டுடியோக்காரர் வந்தபோது, "அது தொங்குத ரகம் இல்ல சேட், பறக்குத ரகம்," என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்.

இப்போது தரையில் ஓடுகிற அடிச் சக்கரங்களைக் கழற்றிவிட்டு மிதவைகள் செய்துகொண்டிருக்கிறோம். இந்த மழை ஓய்ந்ததும் பவாய் ஏரித் தண்ணீரிலிருந்து எழுப்பிப் பார்க்கப்போகிறோம். எழும்புமோ, மூழ்குமோ தெரியாது. ஆனால் விடுவதற்கு முன் பத்து தடவை பித்தானை அமுக்கிப் பார்ப்பேன். ஒவ்வொரு முறை அந்தச் சின்ன வால் திரும்பும்போதும், எங்கோ தூரத்தில் போகிற ஒருவர் நான் கூப்பிட்ட குரலுக்கு நின்று திரும்பிப் பார்ப்பதுபோல், இன்றைக்கும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.