இருமலை அமுக்காத மிஷின்

எங்க வீட்டுல தச்சு வேலை பாக்குதவ நான். இதை முதல்லயே சொல்லிருதேன். ஏன்னா எந்தக் கடைக்குப் போனாலும் "சார் வரலியாக்கா?"ன்னுதான் கேக்காங்க. சார் வீட்டுல பேப்பர் படிச்சிக்கிட்டு இருக்காவ. தீப்பெட்டி ஆபீஸ்ல அத்தனை வருசம் ஃபோர்மேனா இருந்து அவ்வளவு பேரை வேலை வாங்குன மனுசன், வீட்டுல ஒரு ஆணி அடிக்கணும்னா என்னத்தான் கூப்பிடுவாவ. பிள்ளைய ரெண்டும் வெளியூருக்கு வேலைக்குப் போன பெறவு, செல்போன்ல வீடியோ பாத்துப் பாத்து நானே படிச்ச வேலை இது. கொல்லையில தகரம் போட்டு ஒரு கொட்டகை. கோவில்பட்டியில எந்தப் பழைய வீட்ட இடிச்சாலும் போய் நிலை, கதவுன்னு வாங்கியாந்துருவேன். முக்காலி, அஞ்சறைப்பெட்டி, சாமி மாடம்னு செய்யுதேன். நான் செஞ்ச முக்காலி ஆடாது. அதுல எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

எங்க வீட்டுக்காரர் அவியளுக்கு ரெண்டு வருசமா வீசிங். கோடையில கரிசக்காட்டுப் புழுதி ஒரு பக்கம் வீட்டுக்குள்ள வந்து ஏறும். அதோட என் மரத்தூளும் சேந்தா கேக்கணுமா? டாக்டர் என்னத்தான் மொறைச்சாரு. சரி, தூசி உறிஞ்சுற வேக்கம் கிளீனர் ஒண்ணு வாங்கிருவோம்னு கடைக்குப் போனேன்.

எங்க ஊர்க்காரங்களுக்கு ஒரு புத்தி உண்டு, எதையும் சத்தத்த வச்சுத்தான் எடை போடுவோம். வெடின்னா காதடைக்கணும். கொட்டுன்னா நெஞ்சு அதிரணும். மோட்டார் உறுமுனாத்தான் தண்ணி ஏறுதுன்னு நம்புவோம். கடையில ரெண்டு மிஷினைப் போட்டுக் காட்டினாங்க. ஒண்ணு மொணமொணன்னுச்சு. இன்னொண்ணு, மேட்டுல ஏறுத லோடு லாரி மாதிரி கத்துச்சு. யோசிக்கவே இல்ல, "இதைக் கட்டுங்க"ன்னுட்டேன்.

அந்தச் சனியன் முன்னால சுருள் சுருளா மரச்சீவலை முழுங்கும். மாவு மாதிரி இருக்குற தூளைப் பின்னால ஊதி விட்டுரும். நெஞ்சுக்குக் கெடுதலே அந்த மாவுதான். சத்தமோ கேக்கவே வேண்டாம், போட்டதும் பக்கத்து வீட்டு நாய் தெருவத் தாண்டி ஓடிரும். "ஏட்டி, நீ இதை வாங்குனது தூசிய எடுக்கவா, மெரட்டவா?"ன்னு அவிய கேப்பாவ. நான் வீம்புக்கு, "இழுவை இருக்குல்லா!"ன்னு சொல்லிட்டுப் போயிருவேன்.

பங்குனி மாசம் ஒரு மத்தியானம். வேப்பம்பலகை ஒண்ணைக் கை ரம்பத்தால அறுத்துக்கிட்டு இருக்கேன், பக்கத்துல மிஷின் அலறுது. திடீர்னு மிஷின், ஃபேன் எல்லாம் நின்னு போச்சு. "நாசமாப் போற கரண்டு, பாதி அறுப்புல போகுது பாரு"ன்னு வைதுக்கிட்டே வெளிய வந்தேன். செம்புத் தண்ணிய அண்ணாந்து குடிச்சேன். மரத்து நெழல்ல ஒரு பலகையப் போட்டு, முந்தானையால விசிறிக்கிட்டு சொகமா உக்காந்துட்டேன். கரண்டு வரட்டும், எங்க போயிரப் போகுது?

பக்கத்து வீட்டுல மிக்ஸி ஓடுச்சு. தேங்காத் துவையல் போலன்னு நெனச்சேன். அது ஓடி நின்னு, திரும்ப ஓடுச்சு. அப்பத்தான் உறைச்சுது. கரண்டு இல்லாம மிக்ஸி எப்படி ஓடும்?

எப்படி ஓடுனேன்னு தெரியாது. நடு வீட்டுல, மெயின் பெட்டிக்குக் கீழ, அவிய தரையில உக்காந்திருக்காவ. தோள் ரெண்டும் மேலயும் கீழயும் போகுது, உதடு நீலம் பாஞ்சிருக்கு, பேச்சு வரல. கையால கட்டிலக் காட்டுனாவ. இன்ஹேலர் கட்டிலுக்கு அடியில சுவரோரமா உருண்டு கெடந்துச்சு. அவியளால குனிஞ்சு எடுக்க முடியல. என்னக் கூப்பிட்டிருக்காவ, எனக்குக் கேக்கல. சுவத்தப் பிடிச்சுப் பிடிச்சு வந்து, மெயினை இறக்கி விட்டிருக்காவ.

இன்ஹேலரை எடுத்து வாயில அடிச்சுவிட்டு, ஆட்டோவுல கூட்டிட்டு ஓடுனேன். ஆஸ்பத்திரியில நெபுலைசர் வச்சு, மூச்சு ஒரு நிதானத்துக்கு வந்த பெறவு அவிய சொன்ன முதல் வார்த்தை: "மெயினை இறக்குனா ஓடி வருவேன்னு பாத்தேன். நீ காத்து வாங்கப் போயிட்ட." சொல்லிட்டுச் சிரிக்காவ! எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒண்ணா வந்து, நர்சு என்னையும் ஒரு சேர்ல உக்கார வச்சிட்டா.

வீட்டுக்கு வந்ததும், "ரம்பம், மிஷின் எல்லாத்தையும் வித்துருதேன்"னேன்.

"வித்துட்டு? நாள் பூரா என் தலமாட்டுல உக்காந்து மூச்ச எண்ணப் போறியா? எனக்கு அதுலயே மூச்சு நின்னுரும். போய்ச் சத்தமில்லாத மிஷினாப் பாரு."

சொன்னது வேடிக்கையாத்தான். ஆனா அவிய கண்ணப் பாத்தேன், நெசமாத்தான் சொல்லுதாவ. நான் கொட்டகையில இருந்தாத்தான் வீடு வீடா இருக்குன்னு அந்த மனுசனுக்கும் தெரியும்.

கொட்டகைக் கதவ அடச்சா தூசி வீட்டுக்குள்ள போகாது, ஆனா என் காதும் அடஞ்சு போகும். கதவு திறந்தே இருக்கணும். மிஷின் மாவுத் தூளை வெளிய விடக் கூடாது. அது ஓடும்போது அவிய இருமுனா எனக்குக் கேக்கணும். இந்த ரெண்டும் உள்ள ஒரு மிஷின் கெடச்சாத் தொழில், இல்லன்னா அவிய என்ன சொன்னாலும் வித்துருததுன்னு முடிவு பண்ணிக்கிட்டுப் பெரிய கடைக்குப் போனேன். ஒரு பை நெறைய மரத்தூளும், ஒரு கறுப்புத் துணியும் கொண்டு போனேன்.

கடைக்காரர் நல்லா மீச வச்ச ஆளு. டெசிபல் அது இதுன்னு அட்டையப் படிக்க ஆரம்பிச்சாரு.

"அதெல்லாம் எனக்கு வெளங்காது அண்ணாச்சி. மிஷினைப் போட்டுட்டு, நீங்க உள்ள குடோன்ல போயி இருமுங்க."

"என்னதுக்கா?"

"இருமுங்க. மூச்சு முட்டுத ஆளு இருமுத மாதிரி."

என்னய ஒரு மாதிரியாப் பாத்தாரு. ஆனாலும் யாவாரமாச்சே, போனாரு. இருமுனாரு பாருங்க, கல்யாண வீட்டுல நாலு பேரு முன்னால கனைக்குத மாதிரி! "அண்ணாச்சி, இது தெம்பான இருமல். எனக்குச் சீக்காளி இருமல் வேணும்"னேன். கடையே சிரிச்சுது.

விளாத்திகுளத்துல இருந்து மருந்தடிக்கிற மிஷின் வாங்க வந்த ஒருத்தர், அதுவரைக்கும் பேசாம நின்னவர், "நான் இருமட்டுமாக்கா? எங்க அய்யாவுக்கு இந்த நோவுதான்"னு சொல்லிட்டு உள்ள போனாரு. மொத மிஷினுக்கு ஒண்ணும் கேக்கல. ரெண்டாவதுக்கு, கேட்ட மாதிரியும் இருந்துச்சு, கேக்காத மாதிரியும் இருந்துச்சு. மூணாவது மிஷின் ஓடும்போது, அந்த இருமல் அப்படியே வந்துச்சு. உள்ள இழுக்க முடியாம, கடைசியில ஒரு சின்ன விசில் சத்தத்தோட. "போதும், போதும், வெளிய வாங்க"ன்னு கத்திட்டேன்.

"சத்தம் கம்மின்னா இழுவையும் கம்மியாத்தான் இருக்கும்க்கா"ன்னாரு கடைக்காரர். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு, அவரு மேல பாதி, எம்மேல பாதி. பையில இருந்த மரத்தூளை அவரு கடைத் தரையில கொட்டிட்டேன். மிஷின் ஒரு பொட்டு விடாம இழுத்துருச்சு. பின்னால காத்து வார எடத்துல கறுப்புத் துணியப் பிடிச்சுப் பாத்தேன். துணியில வெள்ளையா ஒண்ணும் படியல. விலையக் கேட்டாத் தல சுத்தும், சுத்திச்சு. வாங்கிட்டேன்.

வீட்டுல கொண்டாந்து மாட்டி, "எங்க, இருமுங்க பாப்போம்"னேன். "சும்மாவெல்லாம் இரும முடியாது"ன்னுட்டாவ. நான் கொட்டகைக்குப் போயி மிஷினைப் போட்டதும், உள்ள இருந்து "ஏட்டி, காப்பி!"ன்னு சத்தம். கேட்டுருச்சு! அன்னைக்குப் பூரா சோதனைங்குற பேருல என்கிட்ட காப்பியா வாங்கிக் குடிச்சாவ.

இருந்தாலும் என் பயம் போகல. பலகைய அறுப்பேன், மிஷினை நிப்பாட்டுவேன், எட்டிப் பாப்பேன். பங்குனிக்குப் பெறவு அவிய படுக்கவே இல்ல. படுத்தா நெஞ்சு அடைக்குதுன்னு, மூணு தலகாணிய அடுக்கி, அதுல சாஞ்சு உக்காந்தேதான் தூக்கம். அதுவும் கோழித் தூக்கம். நான் எட்டிப் பாக்கும்போதெல்லாம் முழிச்சுத்தான் இருப்பாவ.

ஆடி மாசம் ஒரு நாள், ஒரு பலகைய உப்புத்தாள் போட்டு வழவழன்னு தேச்சுக்கிட்டு இருந்தேன். மிஷின் ஓட்டத்துக்கு ஊடால கர்ருன்னு ஒரு சத்தம். போச்சுடா, அவ்வளவு விலை குடுத்து வாங்குனதுல என்னமோ மாட்டிக்கிட்டுன்னு நிப்பாட்டுனேன். மிஷின் நின்னுருச்சு, சத்தம் நிக்கல. வீட்டுக்குள்ள இருந்து வருது. கையில இருந்த உப்புத்தாளோட ஓடுனேன்.

தலகாணி மூணும் தரையில கெடக்கு. அவிய கட்டில்ல மல்லாக்கப் படுத்து, கையக் கால விரிச்சுப் போட்டு, வாயப் பொளந்துக்கிட்டுக் குறட்டை விடுதாவ. நெஞ்சு நெதானமா ஏறுது, எறங்குது. கல்யாணம் ஆனதுல இருந்து அந்தக் குறட்டைக்கு நான் போடாத சண்டை இல்ல. வாசப்படியில உக்காந்தேன். ஏ அம்மா, அந்தச் சத்தத்தக் கேக்க எனக்கு அப்படி இருந்துச்சு. கண்ணத் தொடைக்கப் போயி மூஞ்சியெல்லாம் மரத்தூளு.

பெறவு எந்திரிச்சுப் போயி மிஷினைப் போட்டேன். ரெண்டும் கேட்டுச்சு.