நிமிர முடியாத கொட்டகை

போன வாரம் நெற்றியில் பிளாஸ்திரியோடு பஸ் ஸ்டாண்டில் நின்றேன். பார்த்தவர்களில் பாதிப் பேர் சைக்கிளிலிருந்து விழுந்தாயா என்று கேட்டார்கள். மீதிப் பேர் ஒன்றும் கேட்காமல் என் மனைவியை நினைத்துச் சிரித்துக்கொண்டார்கள்.

இரண்டும் இல்லை. நானே கட்டிய கொட்டகையில் நானே இடித்துக்கொண்டேன்.

தோட்டத்துச் சாமான்களை வைக்க ஓர் இடம் வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. மண்வெட்டி, கடப்பாரை, உர மூட்டை, மருந்து தெளிக்கிற டின்... எல்லாம் சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்தில் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தன. இது வீடா, கோடவுனா என்று மனைவி கேட்காத நாள் இல்லை. சரி, புழக்கடையில் ஒரு கொட்டகை போடலாம் என்றால் அண்ணன் சம்மதிக்க வேண்டும். கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே இருக்கிற இந்த வீடும் நிலமும் இன்னும் பாகம் பிரிக்காத சொத்து. நான் பேனா பிடிக்கிறவன். நிலத்தைப் பார்க்கிறவர் அவர்.

அண்ணன் சம்மதித்தார். ஆனால், நிபந்தனைகளோடு.

வாளையாற்று எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிற வாசகர்களுக்கு ஒரு விளக்கம். எங்கள் கேரளத்தில் குடிகிடப்பு என்று ஒரு சட்டம் வந்திருக்கிறது. அடுத்தவர் நிலத்தில் குடிசை போட்டுக் குடியிருக்கிறவர்களுக்கு, குடிசையும் சுற்றிலும் பத்து சென்ட் வரை நிலமும் சொந்தமாகலாம். நியாயமான சட்டம் என்றுதான் நான் சொல்வேன் — அண்ணன் காதில் விழாத தூரத்தில். இனிமேல் போடுகிற கொட்டகைக்கு இது பொருந்தாது என்று வக்கீல் படித்துப் படித்துச் சொல்லிவிட்டார். பயம் என்றைக்கு வக்கீல் பேச்சைக் கேட்டது?

ஆகவே, கூலிக்கு ஆள் வைக்கக் கூடாது. கால் நட்டவனே நாளைக்கு இது என் குடிசை என்பானாம். கதவு கூடாது. அடுப்பு வைக்க மூலை கூடாது. எல்லாவற்றுக்கும் மேல், கூரை நெஞ்சு உயரத்தைத் தாண்டக் கூடாது.

"மனுசன் நிமுந்து நிக்க முடியாத எடத்த எந்த ஆபீசரும் ஊடுன்னு எழுத மாட்டான்டா" என்றார் அண்ணன்.

கட்டினேன். எதிர்முனையைப் பிடிக்க மனைவி. பனை வாரையில் ஆணி இறங்காது என்பது ஒரு பொட்டலம் ஆணி வளைந்த பிறகுதான் தெரிந்தது. பிறகு கயிற்றால் கட்டினேன். மேலே தகரம், தகரத்தின் மேல் கல். ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தது. மழைத்தண்ணீர் வடிவதற்காக என்று எல்லாரிடமும் சொல்லி வைத்தேன். வயலிலிருந்து பார்த்தவர்களுக்கு நான் ஏன் ஆள் வைக்காமல் திண்டாடுகிறேன் என்று புரியவில்லை. அல்லது நன்றாகவே புரிந்திருக்கும்.

இதை எழுத உட்கார்ந்தது என் நெற்றிக்காக இல்லை.

மூன்று நாளைக்கு முன் ஆடிக் காற்று தன் வேலையைக் காட்டியது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று... அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். கூடவே மழை. என் கொட்டகை குள்ளமாக இருந்ததால் தப்பித்தது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருந்த மயிலாத்தாளின் குடிசை தப்பவில்லை.

மயிலாத்தாள் எங்கள் வயலில் களையெடுக்கிறவள். புருஷன் உடும்பஞ்சோலைப் பக்கம் ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போயிருக்கிறான். விளக்கு வைக்கிற நேரத்தில் கைக்குழந்தையை முந்தானைக்குள் சுற்றிக்கொண்டு களத்து ஓரத்தில் வந்து நின்றாள்.

"ஏனுங்க, கூரை போயிருச்சுங்க. கொளந்தைக்கு மேலு கொதிக்குதுங்க. காத்து நிக்கற வரைக்கும் அந்தக் கொட்டாய்ல குந்திக்கறனுங்க."

அண்ணன் கொட்டகையைப் பார்த்தார். குழந்தையைப் பார்த்தார். அவர் ஈரமில்லாதவர் அல்ல. காய்ச்சல்காரக் குழந்தையை மழையில் திருப்பி அனுப்ப அவரால் முடியாது. அதற்காகக் கொட்டகையில் விட முடியுமா? அங்கே வேண்டாம் என்றார். மாட்டுத் தொழுவத்தில் இருக்கட்டும் என்றேன். அதுவும் வேண்டாம் என்றார். அங்கே கூரை இன்னும் உயரம்.

நாங்கள் சட்டம் பேசிக்கொண்டிருந்த அந்த நேரமெல்லாம் குழந்தை முனகிக்கொண்டிருந்தது. முதலில் அதைக் கேட்டு அலுத்துக்கொண்டிருந்த எனக்கு, அந்த முனகல் நின்றபோது பயமாகிவிட்டது.

அண்ணனுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். சட்டென்று ஒரு வழி கண்டுபிடித்தார். நாங்கள் குடியிருக்கிற வீட்டுக்குள்ளேயே ஒருத்தி ஒரு ராத்திரி படுத்தால், அது குடிசை ஆகாதே. உரிமை கேட்க முடியாதே.

"உள்ள வா" என்றார்.

"உள்ளயுங்களா?"

அவள் அசையவில்லை. அவள் ஜாதியார் இருக்கிற தெருவிலிருந்து யாரும் எங்கள் களத்தைத் தாண்டி வந்து நான் பார்த்ததில்லை. அண்ணனும் பார்த்ததில்லை. இரண்டாம் முறை கூப்பிட்ட பிறகுதான் வந்தாள். நெல் போட்டு வைக்கிற அறையில் இடம் கொடுத்தோம். என் மனைவி உலர்ந்த சேலையும் கஞ்சியும் கொடுத்தாள். மயிலாத்தாள் சுவரில் முதுகு படாமல் உட்கார்ந்திருந்தாள். விடிவதற்குள் குழந்தைக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எத்தனையோ பேர் மேடை போட்டுப் பேசியும் திறக்காத வாசலை, பத்து சென்ட் பயம் திறந்துவிட்டதே. இந்த வாரப் பத்திக்கு விஷயம் கிடைத்தது என்றுகூட நினைத்தேன். கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டேன்.

காலையில் அவள் அறையைப் பெருக்கிவிட்டுச் சொல்லாமல் போயிருந்தாள். அண்ணன் அங்கே மஞ்சள் தண்ணீர் தெளிக்கச் சொன்னார். என் மனைவி காது கேளாதவள் மாதிரி அடுப்படிக்குப் போய்விட்டாள். அவரே தெளித்தார். தெளித்து முடித்துவிட்டு என்னிடம் வந்தார்.

"கொட்டாய ரெண்டடி ஒசத்தீருடா. நாளைக்கு இன்னொருத்தி வந்து நின்னா அங்கயே படுத்துக்கட்டும்."

"பத்து சென்ட் போயிருமேங்கண்ணா?"

"போனாப் போகுது."

எனக்குக் கோபம் வந்தது. உயிரைப் போலக் காத்த நிலத்தை ஒரே ராத்திரியில் விட்டுக்கொடுக்கத் துணிந்துவிட்டார் — வீட்டுக்குள் இன்னொரு முறை யாரையும் கூப்பிடாமல் இருப்பதற்காக!

உயரமான கூரை போட எனக்குத் தெரியாது என்றேன். மயிலாத்தாள் தன் குடிசைக்குத் தானே ஓலை வேய்ந்துகொண்டிருக்கிறாள், வேண்டுமானால் அவளையே கூப்பிட்டுச் செய்யச் சொல்லுங்கள் என்றும் சொன்னேன்.

கால் நட்டவனே இது என் குடிசை என்பான் என்று சொன்ன அண்ணன் யோசித்துக்கொண்டிருக்கிறார். ஆடிக் காற்று ஓய இன்னும் நாள் இருக்கிறது.