பறவை பார்க்க வந்தவர்களுக்குப் பிட்டு

ஒருவருக்குச் சாப்பாடு போட்டே அவருக்குக் கெடுதல் செய்ய முடியுமா? போன மாதம் யாராவது இப்படிக் கேட்டிருந்தால், அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றுதான் நினைத்திருப்பேன். இப்போது கேட்டால்... முடியும் என்பேன். நானே செய்தேன்.

என் தங்கச்சியின் மகள் சுகந்தியும் அவள் புருஷனும், வெளியூர்க்காரரை வாவியில் கூட்டிப்போய்ச் சுற்றிக் காட்டுகிற தொழில் தொடங்கியிருக்கிறார்கள். எங்கள் வளவு களுதாவளைக்கு மேற்கே, வாவிக் கரையோடு கிடக்கிறது. வளவுக்குப் பின்னால் ஒரு தோணா. வாவித் தண்ணீர் கண்டல் காட்டுக்குள் புகுந்து வளைந்து வளைந்து ஓடுகிற கால்வாய்க்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது. அதற்குள் ஆட்களை விட, மருமகன் தன் மோட்டார் சைக்கிளை விற்று மூன்று கயாக் வாங்கினான் — ரெண்டு பேர் இருந்து துடுப்புப் போடுகிற சின்ன வள்ளம். இப்போது மேசன் வேலைக்குச் சைக்கிள் மிதித்துப் போய் வருகிறான்.

வாசலில் ஆக்டிவிட்டி என்று தலைப்புப் போட்டு ஒரு போர்டும் வைத்தார்கள். கயாக் ஓட்டலாம், பறவை பார்க்கலாம், வலை வீசலாம், சேற்றில் நண்டு பிடிக்கலாம். நான் எழுத்துக் கூட்டி வாசித்து முடிப்பதற்குள் வெயில் ஏறிவிட்டது. சேற்றில் நண்டு பிடித்துத்தான் எனக்கு இரண்டு முழங்காலும் போயின. அதற்கு ஆக்டிவிட்டி என்று ஒரு பெயர் இருப்பது அந்த நாளில் தெரியாது. தெரிந்திருந்தால் மட்டும் நோகாமல் இருந்திருக்குமா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

கல்குடாப் பக்கம் ஒரு விடுதி. அதன் மேனேஜர் சுகந்தியிடம் சொல்லியிருந்தார் — முதலில் ஒரு குழுவை அனுப்பிப் பார்ப்பாராம். அவர்களுக்குப் பிடித்தால் சீசன் முடியும்வரை சனிக்கிழமை தோறும் ஆள் வரும். பிடிக்காவிட்டால் வேறு இடம் பார்ப்பாராம். அந்த வாரம் முழுக்க சுகந்திக்கு நித்திரை இல்லை. தண்ணீரில் மிதக்கிற சாமானைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டே இருந்தாள்.

வருகிறவர்கள் பார்க்க வருவது ஒரே ஒரு காட்சியைத்தான். தோணா திரும்புகிற இடத்தில் ஒரு திட்டு இருக்கிறது. கொக்கு, நாரை, நீர்க்காகம் எல்லாம் அந்தத் திட்டு மரங்களில்தான் அடையும். கிழக்கு வெளுத்து, சூரியன் தலை காட்டுகிற நேரம் அத்தனையும் ஒன்றாக எழும்பி, வாவிக்கு அக்கரையில் உள்ள படுவான்கரை வயல் வட்டைகளுக்கு இரை தேடிப் போகும். பத்து நிமிஷம்தான். அதற்குப் பிறகு அங்கே எச்சம்தான் மிச்சம். வெயில் ஏறக் கச்சான் காற்றும் எழும்பிவிடும். பிறகு கயாக் நினைத்த பக்கம் போகாது, காற்று நினைத்த பக்கம்தான் போகும்.

அன்று வேன் வந்தபோது இன்னும் இருட்டு. நாலு வெள்ளைக்காரர். கூடவே விடுதியின் கைட் றிஸ்வி — ஓட்டமாவடிக்காரர், நாற்பது வயதிருக்கும், நல்ல மரியாதை. வந்தவர்களில் ஒருத்தி என் வயதுக்காரி. வேனிலிருந்து இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் வெளிறிக் கிடந்தது. நாலு மணிக்கு முன்பே வெளிக்கிட்டவர்கள்... தேத்தண்ணியும் குடிக்கவில்லையாம்.

எங்கள் வளவிலிருந்து ஒருவரும் வெறும் வயிற்றோடு தண்ணீரில் இறங்கியதில்லை. பிட்டும் இறால் குழம்பும் அடுப்பில் சூடாக இருந்தன, தயிர்ச்சட்டி இருந்தது. அவர்கள் திரும்பி வந்து சாப்பிடுவதற்கென்று சுகந்தி சொல்லிச் செய்தவை. நான் பாயை விரித்துவிட்டேன்.

"வந்து தின்னட்டும் பெரியம்மா" என்றாள் சுகந்தி, மெல்ல.

"வாறதுக்கு முதல் மயங்கி விழுந்தா? ரெண்டு வாய்தான் புள்ள."

அவள் வானத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மூத்தவர் சோறு போடும்போது வேண்டாம் என்று சொல்லி எங்கள் வீட்டில் யாருக்கும் பழக்கமில்லை.

றிஸ்விக்குத்தான் நேரம் நன்றாகத் தெரியும். இடது கையில் கட்டிய மணிக்கூட்டைப் பார்த்தபடியே வலது கையால் பிட்டைக் குழைத்தார். டைம் இல்லம்மா, ஒரு வாய் போதும் என்றார். போட்டேன். இன்னும் ஒரு வாய் என்றேன். போதும் என்று சொல்ல வாயைத் திறந்தவர், மூடிக்கொண்டு சாப்பாட்டுக் கோப்பையை நீட்டினார். "வேணாமெண்டு எழும்பினா எங்கட உம்மா ஏசுவா" என்றார் என்னிடம். அவருடைய உம்மா இருப்பது ஓட்டமாவடியில்!

வெள்ளைக்காரர் என்ன நினைத்தார்கள்? இதுவும் புரோகிராமில் உள்ளது என்று நினைத்தார்கள். பிட்டைப் படம் எடுத்தார்கள். என்னைப் படம் எடுத்தார்கள். இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று கையால் காட்டினார்கள். நானும் போட்டேன்.

இரண்டாம் தரம் தயிர் ஊற்றும்போது தலைக்கு மேலே ஒரு சத்தம். பெரிய துணியை யாரோ உதறுவது போல... நாங்கள் இருந்தது தகரக் கொட்டிலுக்குள். எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். தகரம்தான் தெரிந்தது.

சுகந்தி ஓடிப்போய் முற்றத்தில் நின்றாள். திரும்பி வந்தவளின் முகத்தைப் பார்த்ததும் என் கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தேன்.

அதற்குப் பிறகு போனார்கள். வெறும் மரத்தைப் பார்த்தார்கள், எச்ச நாற்றத்துக்கு மூக்கைப் பொத்தினார்கள். கச்சான் பிடித்து இரண்டு கயாக்கைக் கண்டல் வேருக்குள் தள்ளிவிட்டது. மருமகன் கழுத்தளவுத் தண்ணீரில் நின்று இழுத்து வந்தான். வந்தவர்கள் சிரித்துக் கை காட்டிவிட்டு வேனில் ஏறினார்கள். ஆனால் றிஸ்வி சிரிக்கவில்லை. மேனேஜருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தானே?

சுகந்தி கிணற்றடியில் குந்தியிருந்து கோப்பை கழுவினாள். ஒரே கோப்பையை மூன்று தரம் கழுவினாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏசு புள்ள. வாயைத் திறந்து ஏசு."

"உங்கள ஏசி என்ன வரப்போகுது பெரியம்மா?" என்றாள். அவ்வளவுதான்.

ஏசியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லியிருப்பேன். பசித்தவருக்குச் சோறு போட்டது பிழையா என்று கேட்டிருப்பேன். அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு இரண்டு நாள் வளவுக்குள் சுற்றித் திரிந்தேன். கேட்க ஆள் இல்லை. களைத்துப் போனேன்.

மூன்றாம் நாள் மேனேஜர் போன் எடுத்தார். சாப்பாடு பிரமாதமாம், பறவைதான் இல்லையாம். இன்னும் ஒரே ஒரு தரம் ஆள் அனுப்புவாராம், அதோடு முடிவு சொல்வாராம். அன்று பின்னேரம் சுகந்தி வந்து என் பக்கத்தில் இருந்தாள்.

"பெரியம்மா, ஒண்டு சொன்னாக் கோவிக்கப்படாது."

"சொல்லு கா புள்ள."

"அவங்க தோணாவுக்குள்ள இறங்குமட்டும் நீங்க வெளிய வரப்படாது."

எனக்குச் சுருக்கென்றது. இந்த வளவு எங்கள் தாய் எனக்கும் தங்கச்சிக்கும் சீதனமாகத் தந்தது. என் முற்றத்துக்கு வர நான் உத்தரவு கேட்க வேண்டுமா? "என்னை உள்ளுக்கு வெச்சுப் பூட்டப் போறியா?" என்றேன்.

"பூட்டுவனா? நீங்க வந்து பாயை விரிச்சா நான் வேணாமெண்டு சொல்லமாட்டன். என்னால ஏலாது. அதாலதான் இப்பவே கேக்கிறன்."

பிள்ளை சொன்னது நியாயம். ஆனாலும் அன்றிரவு நான் அவளோடு கதைக்கவில்லை. நியாயத்தைக் கேட்டுக்கொள்ளலாம்... உடனே முகம் மலர வேண்டும் என்று ஏதாவது சட்டம் இருக்கிறதா?

போன சனிக்கிழமை வேன் வந்தது. நான் உள்ளே பாயில் கிடந்தேன். கதவுகள் அடிபடும் சத்தம். காலடி. துடுப்பு ஒன்றோடொன்று தட்டுகிற சத்தம். யாரோ ஒருவர் இருமினார் — வெறும் வயிற்று இருமல், எனக்குத் தெரியாதா? பிட்டு அடுப்பில் இருந்தது. எழும்பிக் குந்தினேன். திரும்பப் படுத்தேன். சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டேன்.

சத்தம் தோணாப் பக்கம் போய் ஓய்ந்தது. கொஞ்ச நேரத்தில் கூரைக்கு மேலே அந்தத் துணி உதறுகிற ஓசை, நெடுநேரம்.

கச்சான் எழும்புவதற்கு முன்பே திரும்பிவிட்டார்கள். ஒரே கலகலப்பு. பாயை விரித்தேன். பிட்டுப் பெட்டி காலியாகி, அடிச்சட்டியும் வழித்தாயிற்று. றிஸ்வி இந்த முறை மணிக்கூட்டைப் பார்க்கவே இல்லை. மத்தியானம் மேனேஜர் போனில் சம்மதம் சொல்லிவிட்டார். சனிக்கிழமை தோறும் வேன் வரும். சுகந்தி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

ஆக, சீசன் முடியும்வரை எனக்கு இதுதான் வேலை. நெஞ்சளவு தண்ணீரில் நாள் முழுக்க இறால் தடவியிருக்கிறேன், நெல் மூட்டை தூக்கியிருக்கிறேன். பசியோடு வந்தவர் முற்றத்தில் நிற்க, உள்ளே சும்மா படுத்திருப்பதைப் போல வேறொன்றும் என்னைக் களைக்கச் செய்ததில்லை.