சாம்பிராணி மணந்த மேர்சோ

வைன் விற்கிறவனுக்கு நாக்கு முக்கியமில்லை, சிரித்த முகம் இருந்தால் போதும். கடையில் நின்று நின்று கால் வீங்கிய அன்பர்களே, நான் சொல்வது உங்களுக்கு விளங்கும்.

எண்பதுகளின் கடைசியில் லண்டன் நோர்பரியில் சிவபாலன் அண்ணையின் ஓஃப் லைசென்ஸ் மதுக்கடையில் வேலை செய்தேன். முன்பக்கம் பியரும் சிகரெட்டும், பின்பக்கம் அரிசி மூட்டையும் மிளகாய்த்தூளும். நான்தான் நல்ல வைனும் வைப்போம் என்று நச்சரித்து, பிரான்சின் பர்கண்டிப் பக்கத்திலிருந்து மேர்சோ என்ற வெள்ளை வைனில் ஒரு பெட்டி எடுப்பித்தேன். விலையைக் கேட்ட அண்ணை கதிரையில் இருந்துவிட்டார். பிறகு தீர்ப்புச் சொன்னார்.

"நத்தாருக்குள்ளை இது போகாட்டி அந்தத் தட்டிலை அரிசிதான். நீ கோலியர்ஸ் வுட்டிலை என்ரை மச்சான்ரை பெற்றோல் செட்டுக்குப் போ."

அங்கே காசு வாங்கும் கண்ணாடிக் கூட்டுக்குள் தனியே இருக்க வேண்டும். எனக்கோ வாயை மூடிக்கொண்டு இருக்க ஏலாது. உண்மையாகவே பயந்துபோனேன்.

புதுக் கதவு

முதல் போத்தலை வாங்கியவர் அடுத்த தெருவில் இருந்த எங்கள் தமிழ் ஆள், கணக்காளர். வெள்ளைக்கார மேலதிகாரியை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். மறுநாளே பாதிப் போத்தலோடு திரும்பி வந்தார். புதுக் கதவு மாதிரி மணக்கிறது, பழுதாகிவிட்டது என்றார்.

அந்த மணம் ஏறவேண்டும் என்றுதான் உட்புறம் நெருப்பில் வாட்டிய ஓக் மரப் பீப்பாயில் மாதக்கணக்காக வைக்கிறார்கள், அதுதான் அதன் பெருமை என்று விளக்கினேன். மேலதிகாரி விரும்பிக் குடித்ததை அவரும் ஒப்புக்கொண்டார். ஆனாலும் போத்தலை என் முகத்துக்கு நேரே பிடித்துக் கேட்டார்:

"அப்ப மரத்துக்கும் சேத்தோ தம்பி காசு எடுத்தனீர்?"

சுண்ணாம்புக் கல்

மேர்சோவைச் சுற்றியுள்ள சரிவு நிலங்களின் அடியில் சுண்ணாம்புக் கல், அதுதான் திராட்சைக்கு அந்தக் குணத்தைக் கொடுக்கிறது என்று வைன் கொம்பனிக்காரர் எனக்குச் சொல்லித் தந்திருந்தார். அதை அப்படியே ஓர் இளம் தம்பதிக்கு ஒப்புவித்தேன். வெண்ணெய், வறுத்த பாதாம்பருப்பு வாசமும் வரும் என்று சேர்த்துக்கொண்டேன். பெண் போத்தலைக் கையில் எடுத்தாள். பக்கத்தில் நின்று கேட்ட அண்ணை அந்த நேரம் பார்த்து வாய் திறந்தார். தன் ஊரிலும் அடியில் அதே கல்தான், முந்திரிகை என்று நாங்கள் சொல்லும் திராட்சைக் கொடியும் உண்டு என்று இங்கிலீசில் நீளமாகச் சொன்னார். அப்படியானால் உங்கள் ஊர் வைன் எங்கே என்று பெண் கேட்டாள். அவர்கள் சிரித்தபடி பியர் வாங்கிக்கொண்டு போனபின் அண்ணை என்னிடம் சொன்னார்:

"நாங்கள் பழத்தைத் திண்டிட்டுச் சும்மா இருந்திட்டமடா."

வெள்ளிக்கிழமை

டிசம்பர் பிறந்து கிறிஸ்மஸ் நெருங்கியும் பெட்டி அவ்வளவாகக் குறையவில்லை. கடைசி முயற்சியாக ஒரு மாலை, தெரிந்த வாடிக்கையாளர்களைக் கூப்பிட்டு ருசி பார்க்கக் கொடுத்தேன். அது வெள்ளிக்கிழமை என்பதை மறந்துவிட்டேன். வெள்ளிதோறும் அண்ணை கல்லாவுக்குப் பின்னால் பிள்ளையார் படத்துக்கு விளக்கேற்றி, சாம்பிராணிச் சட்டியோடு பியர் ஃப்ரிட்ஜ் வரை மூலை முடுக்கெல்லாம் புகை காட்டுவார்.

எல்லோரும் கிளாசுக்குள் மூக்கை விட்டிருந்தார்கள். புகை மெல்ல வந்து சூழ்ந்தது. எனக்குக் கண்ணாடிக் கூடு கண்முன்னே தெரிந்தது. ஓய்வு பெற்ற இசை ஆசிரியர் ஹார்பர் கண்ணை மூடி, ஆழமாக மூச்சிழுத்துச் சொன்னார்:

"அடடா, நெருப்பில் வாட்டிய பீப்பாய்! அந்த ஓக் புகை என்ன அழகாக எழும்புகிறது!"

மற்றவர்களும் முகர்ந்து தலையாட்டினார்கள். பெட்டியில் பாதி போய்விட்டது.

திரும்பி வந்த மூக்கு

திங்கட்கிழமை ஹார்பர் வந்து நின்றார். வீட்டில் திறந்தால் அந்தப் புகை மணத்தைக் காணவில்லை என்றார். கிளாஸ் சரியில்லை என்று சமாளித்திருக்கலாம். மனம் வரவில்லை. அரிசித் தட்டுக்குப் பக்கத்திலிருந்து சாம்பிராணிப் பாக்கெட் ஒன்றை எடுத்து நீட்டினேன்.

முகர்ந்தார். இன்னொரு தரம் முகர்ந்தார். பிறகு கண்ணீர் வரச் சிரித்தார். நத்தார் விருந்துக்கென்று மிச்ச மேர்சோ முழுவதையும், கூடவே இரண்டு பாக்கெட் சாம்பிராணியையும் வாங்கிக்கொண்டு போனார். அண்ணை வந்து வெறும் தட்டைத் துணியால் துடைத்தார். பிறகு சொன்னார்:

"இனி இரண்டு பெட்டி எடு. சாம்பிராணியையும் பக்கத்திலை அடுக்கு."

கண்ணாடிக் கூட்டிலிருந்து என்னைக் காப்பாற்றியது பர்கண்டியின் பீப்பாயா பிள்ளையாரா என்று இன்றுவரை தெரியாததால், வெள்ளிக்கிழமைகளில் இருவருக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டு வைக்கிறேன்.