கண்ணை மூடி ஊரைப் பார்த்தவர்கள்

ஊர்க்காரர்களுக்கு அவர்கள் ஊரைப் பற்றியே வகுப்பெடுத்துச் சம்பளம் வாங்கும் வேலை என்னுடையது. கிராம வளர்ச்சித் திட்டப் பயிற்சியாளர் என்று அதற்குப் பெயர். தூத்துக்குடி மாவட்டத்தில் நான் போகாத ஊராட்சி கொஞ்சம்தான். சார்ட் பேப்பரைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறுகிறவர்கள், "பத்து மணிக்குக் கூட்டம்" என்று சொல்லிவிட்டுப் பன்னிரண்டு மணி வரை காலி நாற்காலிகளோடு உட்கார்ந்திருக்கிறவர்கள், இவர்களெல்லாம் என் உறவுக்காரர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எந்தக் கட்சி?

எனக்குச் சொந்த ஊர் நாசரேத். எங்கள் குடும்பத்தில் எல்லாரும் வாத்தியார்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தால், "நீ எந்த ஸ்கூல்ல இருக்க?" என்று யாராவது கேட்காமல் விடமாட்டார்கள். ஒருநாள் ஜாய்ஸ் சித்தி பிடித்துக்கொண்டார்கள். ஸ்கூல் இல்லை சித்தி, ஊர் ஊராகப் போய்க் கூட்டம் போட்டு, என்ன குறை என்று கேட்டு, அதைத் தீர்க்கத் திட்டம் எழுத வைப்பேன் என்று விளக்கினேன். சித்தி என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். குரலைத் தாழ்த்தி, "எந்தக் கட்சி?" என்றார்கள். கட்சியெல்லாம் இல்லை என்று நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். சித்தி என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு சொன்னது இதுதான்:

"எங்கிட்ட எதுக்குளா மறைக்க? ஜெயிச்சு வந்தா எங்க தெருவுக்கு ஒரு லைட்டு போட்டுக் குடு, அது போதும்."

மாவில் ஒரு எல்லைத் தகராறு

சாத்தான்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். பள்ளிக்கூட மைதானத்தில் கோலமாவால் ஊர் வரைபடம் போடச் சொன்னேன். தெரு, கிணறு, கோவில், வீடு எல்லாவற்றையும் ஊர்க்காரர்களே வரைய வேண்டும். அப்போதுதான் எங்கே தண்ணீர் வரவில்லை, எங்கே சாக்கடை தேங்குகிறது என்று எல்லாருக்கும் கண்ணில் படும். நன்றாகத்தான் ஆரம்பித்தது. சரோஜா அக்கா தன் வீட்டை வரைந்து, சுற்றி மதில் போட்டார்கள். பக்கத்து வீட்டுத் தங்கத்தாய் குனிந்து பார்த்தார்கள். "ஏளா, ஒம் மதிலு எங்க வேப்பமரத்தத் தாண்டி எப்படி இந்தப் பக்கம் வந்துச்சு?" என்று சொல்லி, காலால் ஒரு தேய்ப்புத் தேய்த்தார்கள்.

அவ்வளவுதான். ஒருத்தி வரைய, ஒருத்தி அழிக்க, இரண்டு வீட்டு ஆண்களும் ஓடி வந்துவிட்டார்கள். தண்ணீர்க் குழாய் பற்றிப் பேச வந்த கூட்டம் இரண்டாகப் பிரிந்து நின்றது. என் புடவையெல்லாம் மாவு. "இது வெறும் படம்தான், வெறும் படம்தான்" என்று நான் கத்திக்கொண்டிருந்தேன். அப்போது சரோஜா அக்காவின் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பி, ரொம்பப் பொறுமையாகச் சொன்னார்:

"டீச்சர், கோர்ட்டுல முடியல, நிலத்துல முடியல. மாவுலயாவது முடிச்சுக் குடுத்துட்டுப் போங்க."

பத்து வருடம் கழித்து

புன்னைக்காயலில் மீனவர்களுக்குப் பயிற்சி. எங்கள் புத்தகத்தில் ஒரு அருமையான பயிற்சி உண்டு. எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு, பத்து வருடம் கழித்துத் தங்கள் ஊர் எப்படி இருக்க வேண்டும் என்று மனதுக்குள் பார்க்க வேண்டும். பிறகு கண்ணைத் திறந்து ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். சென்னையில் ஏ.சி. ஹாலில் எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தபோது ஒரு அம்மா கண்ணீர்கூட விட்டார்கள்.

அன்றைக்கு வந்திருந்தவர்கள் விடிவதற்கு ரொம்ப முன்னாலேயே கடலுக்குப் போய், மீனை ஏலத்தில் கொடுத்துவிட்டு, குளித்துச் சாப்பிட்டு வந்து உட்கார்ந்திருந்தார்கள். கோவில் பக்கத்து ஹாலில் ஃபேன் காற்று வேறு. "கண்ணை மூடிக்கோங்க. மெதுவா மூச்சு விடுங்க. உங்க தெருவுல நடந்து போறீங்க..." என்று நான் கனிவான குரலில் சொல்லச் சொல்ல, சபை அடங்கிக்கொண்டே வந்தது. என் பயிற்சி இவ்வளவு ஆழமாக இறங்குவதை நான் பார்த்ததே இல்லை. முதல் குறட்டை வரும் வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு இரண்டாவது, மூன்றாவது என்று மூலைக்கு மூலை பதில் குறட்டை கேட்டது. நான் பதறிப்போய்க் கை தட்டப் போனேன். விழித்திருந்தவர் லூர்து அண்ணன் ஒருவர்தான். சட்டென்று கையைக் காட்டித் தடுத்தார்.

"சத்தம் போடாதிய டீச்சர். எல்லாரும் பாதி தூரம் போயிருப்பாவ, அஞ்சு வருசத்துலயே எழுப்பி விட்டுராதிய."

ஒரு எழுத்து

ஏரலில் வார்டு உறுப்பினர்களுக்குப் பயிற்சி. மேலிடத்திலிருந்து ஒரு அதிகாரி வருவதாக இருந்தது. என்னோடு வேலை பார்க்கும் செல்வின் காலையில் ஃப்ளெக்ஸ் பேனரை வாங்கி வந்து மேடையில் கட்டிவிட்டான். கீழே இறங்கிப் பார்த்தால், "ஊராட்சி தளர்ச்சித் திட்டப் பயிற்சி" என்று பெரிய சிவப்பு எழுத்தில் இருக்கிறது. "வ" போய் "த" வந்துவிட்டது. அதிகாரியின் ஜீப் பாலத்தைத் தாண்டிவிட்டது என்று போன் வேறு. வெள்ளைத்தாளில் ஒரு "வ" எழுதி ஒட்டினோம். அதிகாரி "இந்த வளர்ச்சி யாரால் வருகிறது?" என்று பேச ஆரம்பித்த நேரம், ஃபேன் காற்றில் அந்த "வ" பறந்து அவர் தோளில் வந்து உட்கார்ந்தது.

சாயங்காலம் கடைக்குப் போய்ச் சண்டை போட்டோம். கடைக்கார அண்ணாச்சி பேனரை விரித்து, நிதானமாகப் படித்துப் பார்த்தார்.

"வருசா வருசம் எங்ககிட்டதான் அடிக்கிய. எத்தன தடவதான் ஒரே பொய்ய அடிக்க?"

பாக்கியம் என்ற அதிகாரி

வேம்பார்ப் பக்கம் உப்பளத்தில் வேலை பார்க்கும் பெண்கள் கேட்டது ஒன்றே ஒன்று. கடற்கரைச் சாலையில் போகும் பஸ், உப்பளத்துக்குப் பாதை பிரியும் விலக்கில் நிற்க வேண்டும். டிக்கெட் இலவசம்தான், ஆனால் நிற்காத பஸ்ஸில் எப்படி ஏறுவது? விடிகாலையிலிருந்து உப்பு வாரிவிட்டு, உச்சி வெயிலில் ஊருக்குள் இருக்கும் ஸ்டாப் வரை நடக்க வேண்டும். அப்படி நடக்கும்போது ஜெபா என்ற பெண் ரோட்டிலேயே மயங்கி விழுந்து, மண்டை உடைந்து தையல் போட்டிருந்தது.

மனு கொடுக்கப் போகும் முன் ஒத்திகை பார்த்தோம். அதிகாரியாக நடிக்க பாக்கியம் அக்கா முன்வந்தார்கள். நாற்காலியில் சாய்ந்து, இல்லாத போனில் கல்யாணப் பத்திரிகை பற்றிப் பேசி, "மனுவ வச்சுட்டுப் போங்க, பாக்கலாம்" என்று சொல்லி, எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார்கள். நாங்கள் காத்திருந்தோம். அக்கா உண்மையாகவே டீ குடித்துவிட்டுத்தான் வந்தார்கள்.

மறுநாள் நிஜமான அலுவலகம். நிஜமான அதிகாரி. அவருக்கும் போன் வந்தது. கல்யாணப் பத்திரிகை இல்லை, வீடு குடிபுகும் விழா. போனை வைத்துவிட்டு, "மனுவை வச்சிட்டுப் போங்க, பாக்கலாம்" என்றார். பின்னால் ஒருத்தி களுக்கென்று சிரிக்க, எல்லாரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அதிகாரிக்கு முகம் சிவந்துவிட்டது. போச்சு, எல்லாம் போச்சு என்று நான் நினைத்தேன். பாக்கியம் அக்கா எழுந்து கும்பிட்டார்கள்.

"கோவிச்சுக்கிடாதிய ஸார், நேத்து நான்தான் நீங்க. அடுத்து நீங்க டீ குடிக்க எந்திச்சுப் போவணும்."

பஸ் நின்றது

அவர் டீ குடிக்கப் போகவில்லை. "அந்த விலக்கு எங்க இருக்கு, சொல்லுங்க" என்று பேனாவை எடுத்தார். ஜெபாவின் நெற்றித் தழும்பையும் பார்த்தார். அதன்பிறகும் நடையாக நடந்துதான் உத்தரவு வாங்கினோம், ஆனால் வாங்கிவிட்டோம்.

முதல் நாள் நானும் போயிருந்தேன். பெண்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு சாலையோரம் வரிசையாக நின்றார்கள். தூரத்தில் பஸ் வந்தது. வேகம் குறைந்தது. எங்களைத் தாண்டிப் போய்விடும் என்றே எல்லாரும் நினைத்தோம் போலிருக்கிறது. புழுதியைக் கிளப்பிக்கொண்டு அது கண்ணெதிரே நின்றதும் ஒருவருக்கும் கால் நகரவில்லை. பஸ்ஸைப் பார்த்தபடி அப்படியே நிற்கிறோம். ஜெபா மட்டும் அழுதுகொண்டிருந்தாள். கண்டக்டர் படியில் தொங்கியபடி எங்களை ஒரு முறை பார்த்தார்.

"ஏறுதியளா, இல்ல வேடிக்க பாக்கதுக்குத்தான் நிப்பாட்டச் சொன்னியளா?"

இத்தனை ஊர்களில் கத்திப் பேசியதில் நிச்சயமாக வளர்ச்சி கண்டது என் தொண்டைதான், அதையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளச் சொல்லி வீட்டில் தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறார்கள்.