காலிக் கோப்பையின் உறிஞ்சல்

எங்கள் குன்னூர் தேயிலைத் தொழிற்சாலைக்கு வந்த வியாபாரிகளிடம் நான் ஆங்கிலத்தில் விளக்க வேண்டும். அவர்களுக்குப் பிடித்தால்தான் ஆர்டர்.

"டேட்டா, மீடியா எல்லாம் பன்மைங்க. 'ஆர்'தான் போடோணும்," என்று கணக்கர் முந்தின நாளே பயமுறுத்தியிருந்தார்.

"டேட்டா இஸ்... ஆர்... இஸ்..." என்று வியாபாரிகள் முன்னால் செக்குமாடாகச் சுற்றினேன். அந்தக் குளிரிலும் ஸ்வெட்டர் பிழியும் பதத்துக்கு நனைந்தது.

திடீரென்று, வந்தவர்களில் ருசி பார்க்கும் பெண்மணி கோப்பையைத் தூக்கி, கூடமே அதிர 'சர்ர்ர்' என்று உறிஞ்சினார். எல்லோரும் என்னை விட்டுவிட்டு அவரைப் பார்த்தார்கள்.

"'இஸ்', 'ஆர்' ரெண்டையுமே சொல்றாங்க. நீங்க தமிழ்லயே சொல்லுங்க, இவங்களுக்கு நான் இங்கிலீஷ்ல சொல்லிக்கிறேன். தேயிலை கோவிச்சுக்காதுங்க," என்றார்.

சொன்னேன். ஆர்டர் கிடைத்தது. அப்புறம்தான் உறைத்தது, அந்தக் கோப்பையில் தேநீரே ஊற்றியிருக்கவில்லை.

இப்போதெல்லாம் யாராவது பேச்சில் திணறினால், என் கை காலிக் கோப்பையைத் தேடுகிறது.